தோற்கத் தெரிந்த பிள்ளை



பாகூர் ஏரிப் பாசனத்தில் விளைந்த நெல் அறுவடையாகி, வயல்கள் காய்ந்து கிடக்கும் நாள்களில் மாலை நேரத்தில் அந்தப் பக்கம் சென்று பாருங்கள். மூன்று குச்சிகளை நட்டு வைத்துக்கொண்டு பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். வில்லியனூர்ப் பக்கம் வந்தால் காலி மனைகளில் வாலிபால் வலை கட்டியிருக்கும். மண் பாங்கான இடம் வாய்த்துவிட்டால் கபடி. இவையெல்லாம் நம் கண்ணுக்குப் பழகிய காட்சிகள். ஆனால், ஒருமுறையேனும் நின்று காதுகொடுத்துக் கேட்டதுண்டா? "அவுட் இல்லடா!", "கோட்டைத் தொட்டுட்டான்!", "போங்கடா, நான் வரல!" என்னும் கூச்சல்களே ஆட்டத்தின் பாதி நேரத்தை விழுங்கிவிடும். மட்டை யாருடையதோ அவன் அவுட்டானால், மட்டையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். அத்துடன் அன்றைய ஆட்டம் முடிந்தது.

சிறுபிள்ளைத்தனம் என்று சிரித்துவிட்டு நாம் நடந்துவிடுகிறோம். அந்த மட்டைக்காரப் பையனுக்குப் பதினேழு வயதாகும்போது அவன் கையில் மட்டை இருக்காது. அதே மனம் மட்டும் இருக்கும். பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், மதிப்பெண் குறைந்ததற்காக உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களில் படித்து நெஞ்சம் பதறுகிறோம். அந்தப் பிள்ளை அதற்கு முன் எத்தனை முறை தோற்றுப் பழகியிருந்தது, அப்போது அதன் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

மற்றொன்றும் உண்டு. வில்லியனூரை அடுத்த சுல்தான்பேட்டை போன்ற சில இடங்களில்தான் நம் மக்கள் செறிந்து வாழ்கிறார்கள். பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர்கள் பலவற்றில் நம் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கெல்லாம் நம் பிள்ளைகள் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளோடும் சேர்ந்துதான் ஆடுகிறார்கள். அவ்வாறு ஆடுவதே அழகு. ஆனால் ஒரு பையன் பொறுமையிழந்து கைநீட்டிவிட்டால், இருவருக்குள் தீர வேண்டிய வழக்கு தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து பெரியவர்களிடம் போய், சில வேளைகளில் காவல் நிலையம் வரைக்கும் சென்றுவிடுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளையின் கோபத்துக்கு ஊரே விலை கொடுக்க நேர்கிறது.

இந்நிலையில் நம் வீடுகளில் இரண்டு விதமான போக்குகளைக் காண்கிறேன். 'ஓதவும் படிக்கவும் நேரம் போதவில்லை, விளையாட்டு என்ன வேண்டிக் கிடக்கிறது' என்று பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து வருகிற வீடு ஒன்று. 'போய் ஆடட்டும், வீட்டில் தொல்லை இல்லை' என்று விட்டுவிடுகிற வீடு மற்றொன்று. அத்தா வெளிநாட்டில் இருக்க, அம்மா தனியாளாய்ப் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் குடும்பங்களில் இந்த இரண்டாவது போக்கைக் குறைசொல்லவும் மனம் வருவதில்லை. இரு வீட்டாருக்கும் நான் சொல்ல விழைவது இதுதான்: கோபம், ஏமாற்றம், பொறாமை, அச்சம் ஆகியவற்றைக் கையாளும் வித்தையைக் கற்றுத்தர ஆடுகளத்தைப் போன்றதொரு பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. ஆனால், அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஓர் ஆசிரியர் வேண்டும்.

ரியாளா என்னும் சொல்

இன்றைய அரபு நாளிதழ்களில் விளையாட்டுச் செய்திப் பக்கத்தின் தலைப்பைப் பார்த்தால் 'ரியாளா' என்னும் சொல் இருக்கும். விளையாட்டு, உடற்பயிற்சி என்பது அதன் இன்றைய பொருள். முரட்டுக் குதிரையைப் பழக்கி வசப்படுத்துவது அச்சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று. ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் 'இஹ்யாவு உலூமித்தீன்' பெருநூலில் உள்ளத்தைப் பண்படுத்தும் முறையை விளக்கும் பகுதிக்கு 'ரியாளத்துன் நஃப்ஸ்' என்றே பெயரிட்டார்கள். மனமும் ஒரு குதிரைதானே! அதைக் கொன்றுவிட வேண்டியதில்லை; கடிவாளத்துக்குப் பழக்கினால் போதும். உடலைப் பழக்குவதற்கும் உள்ளத்தைப் பழக்குவதற்கும் அரபு மொழி ஒரே சொல்லை வைத்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தரும்.

அதே பகுதியில் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் இமாமவர்கள் பேசுகிறார்கள். மக்தபிலிருந்து திரும்பிய பிள்ளையை நல்லதொரு விளையாட்டில் ஈடுபட விட வேண்டும். ஆடியே களைத்துப்போகும் அளவுக்கு விடலாகாது என்கிறார்கள். விளையாட்டை அடியோடு தடுத்து ஓயாமல் படிப்பிலேயே வாட்டினால் பிள்ளையின் உள்ளம் மடிந்துபோகும், அறிவின் கூர்மை மழுங்கும், வாழ்வே கசந்து படிப்பிலிருந்து தப்பியோட வழி தேடும் என்னும் கருத்துப்பட எச்சரிக்கிறார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தச் செய்தி, காலையில் மக்தப், பகலில் பள்ளி, மாலையில் டியூஷன் என்று பிள்ளையைச் செக்கு மாடாக்கிவிட்ட நமக்கே எழுதப்பட்டது போல் இல்லையா?

மதீனத்து ஆடுகளங்கள்

'மார்க்கத்தில் இதற்கு இடமுண்டா?' என்று கேட்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஹதீஸ் நூல்களிலிருந்து சில நிகழ்ச்சிகளை நினைவூட்டுகிறேன். தோற்றவர்களின் மனத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எவ்வாறு கவனித்தார்கள் என்பதை மட்டும் உற்று நோக்குங்கள்.

நாயகம் (ஸல்) அவர்களிடம் 'அள்பா' என்னும் பெண் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை முந்தியவர் இல்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் இளம் ஒட்டகம் ஒன்றில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது பெரும் மனவருத்தத்தைத் தந்தது. அனஸ் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு புகாரியில் உள்ளது. தோழர்களின் வருத்தத்தை நாயகம் (ஸல்) அவர்கள் அறிந்துகொண்டார்கள் என்பதே அதில் என்னை நிறுத்தும் இடம். 'ஓர் ஒட்டகத்துக்காகவா இப்படி?' என்று அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. உலகில் உயர்ந்தோங்கும் எதையும் ஒரு நாள் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்னும் பொருள்படச் சொல்லித் தேற்றினார்கள். முந்திச் சென்ற கிராமத்து அரபி மீதும் எந்தக் குறையும் கூறவில்லை.

அஸ்லம் குலத்தார் அம்பெய்து போட்டியிட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு ஒருமுறை அவர்கள் வந்தார்கள். ஊக்கப்படுத்திவிட்டு, தாம் ஓர் அணியின் பக்கம் இருப்பதாகக் கூறினார்கள். உடனே மற்ற அணியினர் கைகளை நிறுத்திக்கொண்டனர். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, தாங்கள் எதிரணியோடு இருக்கும்போது நாங்கள் எப்படி எய்வது என்றார்கள். அதைக் கேட்டதும், எய்யுங்கள், நான் உங்கள் எல்லாருடனும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள். இதுவும் புகாரியில் உள்ள செய்தியே. பயிற்சி தரும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளை, பிடிக்காத பிள்ளை என்று இரண்டு அணிகள் உண்டான இடத்தில், பிடிக்காத அணியின் கை தானே நின்றுபோகும்.

அவர்கள் நடத்திய குதிரைப் பந்தயத்தில் நன்கு பழக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து தனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் ஓட்டம். பழக்கப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல் அளவே. வலியவனோடு மெலியவனை நிறுத்தித் தோற்கடிப்பது போட்டியாகாது என்னும் நியாயம் அதில் இருக்கிறது. உஹதுப் போருக்குப் புறப்பட்டபோது ராஃபிஉ (ரலி) என்னும் இளைஞருக்கு அம்பெய்யும் திறமைக்காக அனுமதி கிடைத்தது; ஸமுரா (ரலி) என்னும் மற்றோர் இளைஞருக்குக் கிடைக்கவில்லை. அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. மல்யுத்தத்தில் ராஃபிஉவை நான் வீழ்த்துவேனே என்று எடுத்துச் சொன்னார், வாய்ப்பும் பெற்றார். புறக்கணிக்கப்பட்ட வருத்தத்தைச் சொல்லாக மாற்றத் தெரிந்த பிள்ளை அவர். அதைக் கேட்கக் காதுள்ள தலைவரும் அவருக்கு வாய்த்திருந்தார்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் ஓடிய ஓட்டத்தை அறியாதார் இல்லை. முதலில் அன்னையார் முந்தினார்கள். பின்னொரு காலத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் முந்தினார்கள். முன்னதற்கு இது ஈடாயிற்று என்று விளையாட்டாகச் சொன்னார்கள். வெற்றியையும் தோல்வியையும் கைமாற்றிக்கொள்ளத் தெரிந்த வீடு அது.

ஆட்டம் மட்டும் போதுமா?

'விளையாட்டு நற்குணத்தை வளர்க்கும்' என்பது மேடைகளில் அடிக்கடி கேட்கிற வாசகம். நான் இதை முழுமையாக ஒப்புக்கொள்வதில்லை. புரூஸ் ஒகில்வி, தாமஸ் டட்கோ என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் விளையாட்டு வீரர்கள் பலரை ஆராய்ந்து 1971இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குணத்தை வளர்க்க வேண்டுமென்றால் வேறு எதையாவது முயன்று பாருங்கள் என்னும் பொருளில் அதற்குத் தலைப்பே வைத்துவிட்டார்கள்! வெறுமனே ஆடுவதால் மட்டும் குணம் வந்துவிடாது என்பதே அதன் சாரம்.

சான்றுக்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 2006 ஜூலை 9ஆம் நாள் பெர்லினில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள குடும்பங்கள் வாழும் நம் புதுச்சேரியில் அன்று பிரான்ஸ் அணிக்காகத் துடித்த நெஞ்சங்கள் குறைவல்ல. அணியின் தலைவர், அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த ஜினெதின் ஜிதான். அதுவே அவருடைய கடைசி ஆட்டம். ஏழாவது நிமிடத்தில் அவரே முதல் கோலைப் போட்டார். இத்தாலி சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 110ஆவது நிமிடம். எதிரணி வீரர் ஒருவர் சொன்ன சொல்லைத் தாங்க மாட்டாமல் அவர் மார்பில் தலையால் முட்டினார் ஜிதான். சிவப்பு அட்டை. கோப்பையின் அருகே தலைகுனிந்து அவர் வெளியேறியதை உலகமே பார்த்தது. பெனால்டி உதைகளில் 5க்கு 3 என்று இத்தாலி வென்றது. எட்டு ஆண்டுகளுக்கு முன், 1998 உலகக் கோப்பையிலும் சவூதி அரேபியாவுடனான ஆட்டத்தில் இதே மனிதர் சிவப்பு அட்டை வாங்கி, அடுத்த இரண்டு ஆட்டங்களில் ஆட முடியாமல் போனது. அவருடைய காலுக்குப் பயிற்சி தந்தவர்கள் எத்தனையோ பேர். கால் கற்றதை எல்லாம் அந்த ஒரு நொடியின் கோபம் விழுங்கிவிட்டது. அவரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கே இந்தப் பாடம் தானாக வந்துவிடவில்லை என்றால், நம் தெருப் பிள்ளைக்கு எப்படி வரும்?

திருட்டுப்போன சைக்கிள்

எதிர்ப்புறமான ஒரு கதையும் உண்டு. 1954ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லூயிவில் நகரில் பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனின் புதுச் சைக்கிள் திருட்டுப்போனது. திருடியவனை அடித்து நொறுக்குவேன் என்று கொதித்துக்கொண்டு புகார் சொல்லப் போனான். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சிறுவர்களுக்குக் குத்துச்சண்டை கற்றுத்தந்துகொண்டிருந்தார் ஜோ மார்ட்டின் என்னும் காவலர். அவர் சிறுவனை விரட்டவில்லை. கோபப்படாதே என்று அறிவுரையும் அளக்கவில்லை. யாரையாவது அடிக்கப் போவதற்கு முன் சண்டையிடக் கற்றுக்கொள் என்று சொல்லிப் பயிற்சிக்கு வரச் சொன்னார். காஷியஸ் கிளே என்ற அந்தச் சிறுவன் ஆறு ஆண்டுகளில், 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றான். 1964இல் உலகப் பட்டம் வென்று, இஸ்லாத்தைத் தழுவியதை அறிவித்து, முஹம்மது அலி ஆனான். 1967இல் வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் பட்டம் பறிக்கப்பட்டபோதும், பிற்காலத்தில் பார்க்கின்சன் நோய் கைகளை நடுங்க வைத்தபோதும் அவர் காட்டிய நிதானத்தை நாம் அறிவோம். வளையத்துக்குள் எதிரிகளைச் சீண்டிப் பேசியதும் அவரே என்பதை மறைக்க வேண்டியதில்லை. மனிதர் குறையற்றவர் அல்லர். ஆனால், அன்று அந்தக் காவலர் பையனின் கோபத்துக்கு நேரமும் இடமும் ஒழுங்கும் அமைத்துக் கொடுத்தார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

பயிற்சியாளரின் நாக்கு

அப்படியானால் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்? இதை ஊகத்துக்கு விடாமல் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் என்னும் உளவியலாளர்கள், சிறுவர் பேஸ்பால் அணிகளின் பயிற்சியாளர்கள் ஆட்டத்தின்போது என்ன சொல்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்பதை 1970களில் மைதானத்திலேயே அமர்ந்து குறித்துக்கொண்டார்கள். பிறகு பிள்ளைகளைத் தனியே கேட்டார்கள். பயிற்சியாளர் எப்படி நடந்துகொண்டார் என்பது, அவருக்குத் தெரிந்திருந்ததைவிடப் பிள்ளைகளுக்கே சரியாகத் தெரிந்திருந்தது. ஆசிரியத் தொழிலில் உள்ள நாங்கள் எல்லோரும் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பின்னர் அவர்கள் சில மணி நேரப் பயிற்சி ஒன்றை வகுத்தார்கள். அதில் பெரிய இரகசியம் ஏதுமில்லை. பிள்ளை நன்றாக முயன்றால், பலன் கிட்டாவிட்டாலும் அந்த முயற்சியைப் பாராட்டு. தவறு செய்தால் முதலில் தைரியம் சொல், அடுத்து எப்படிச் செய்ய வேண்டும் என்று காட்டு. ஏளனமும் தண்டனையும் வேண்டாம். 1979இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களின் அணிகள் மற்ற அணிகளைவிட அதிகம் வெல்லவில்லை. ஆனால் பிள்ளைகள் பயிற்சியாளரையும் சக ஆட்டக்காரரையும் கூடுதலாக விரும்பினார்கள். தன்மதிப்புக் குறைந்திருந்த பிள்ளைகளே அதிகப் பயன் பெற்றார்கள். 1992இல் வெளியான மற்றோர் ஆய்வில், சாதாரணப் பயிற்சியாளர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 100க்கு 26 பேர் அடுத்த ஆண்டு ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் 100க்கு 5 பேரே விட்டார்கள்.

26 எங்கே, 5 எங்கே! மக்தபை விட்டு நின்றுபோகும் பிள்ளைகளையும் இந்தக் கணக்கோடு சேர்த்து எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. அது வேறு கட்டுரைக்குரியது.

நடுவர் இல்லாத ஆட்டம்

வில்லியனூருக்கு வடகிழக்கே ஆரோவில்லிலும், சென்னைக் கடற்கரையிலும் இளைஞர்கள் பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வீசிப் பிடித்து ஆடுவதைக் காணலாம். 'அல்டிமேட் ஃபிரிஸ்பீ' என்பது அதன் பெயர்; 1968இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்கள் உருவாக்கியது. அதன் உலகக் கூட்டமைப்பு விதிகளின்படி இந்த ஆட்டத்துக்கு நடுவர் கிடையாது. தவறு நேர்ந்ததா இல்லையா என்பதை ஆடுகிறவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வோர் அணியும் எதிரணிக்கு ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் இடுகிறது: விதிகளை அறிந்து பின்பற்றியது, உடல் மோதலைத் தவிர்த்தது, நியாய மனம், தன்னடக்கத்தோடு கூடிய நல்ல மனப்பான்மை, பேச்சு முறை. ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண் வரை. கோல் கணக்கு ஒரு பக்கம், குணக் கணக்கு மறுபக்கம். ஆணும் பெண்ணும் கலந்து ஆடும் அவர்களின் வழக்கம் நமக்கு ஏற்புடையதன்று. அந்த மதிப்பெண் முறையை எடுத்துக்கொள்வதில் என்ன தடை? தட்டுக்குப் பதிலாக நம் கபடியிலேயே அதைச் செய்யலாம்.

கபடிக் கோட்டுக்கு வெளியே

கபடி என்னும் நம் சடுகுடுவைப் போல் மனப் பயிற்சிக்கு வாய்ப்பான ஆட்டத்தை நான் அறியேன். செலவில்லை. பெரியவர்களுக்கான களமே 13க்கு 10 மீட்டர்தான். பள்ளிவாசலை ஒட்டிய மணல் திடல் போதும். மூச்சை அடக்கிக்கொண்டு, ஏழு பேர் எதிர்த்து நிற்கும் களத்துக்குள் ஒற்றையாளாய் 30 நொடி பாடிச் செல்ல வேண்டும். அச்சத்தை ஆளக் கற்க இதைவிட என்ன வேண்டும்? பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். தன் அணி எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால்தான், வெளியே போன வரிசைப்படி ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருவார். எவ்வளவு பெரிய வீரனானாலும் மற்றவன் முயற்சியால்தான் அவனுக்கு மறுவாழ்வு.

அந்த உட்காரும் நேரத்தைத்தான் நான் பொன்னாகக் கருதுகிறேன். கோபம் வந்தவர் நின்றுகொண்டிருந்தால் உட்கார வேண்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும் என்ற நபிவழியை அபூதர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நீர்த்தொட்டியில் நீர் இறைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் அதை உடைத்துவிட, அவர்கள் உட்கார்ந்து, பிறகு படுத்துக்கொண்டு, கேட்டவர்களிடம் இதைச் சொன்னார்கள் என்று முஸ்னது அஹ்மதில் வருகிறது. யாரை நீங்கள் மல்லர் என்கிறீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டுவிட்டு, கோபத்தில் தன்னை அடக்குபவரே மல்லர் என்னும் கருத்தை விளக்கியதும் முஸ்லிமில் உள்ளது. இவற்றைப் பாடமாக ஓதிக்கொடுத்தால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். பிடிபட்டு, மண்ணும் வியர்வையுமாய், கண்ணில் நீர் தளும்ப உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் சொன்னால் அது உள்ளே இறங்கும்.

எங்கள் மக்தபில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பையன்கள் கபடி ஆடுகிறார்கள். எடையும் வயதும் பார்த்து அணி பிரிக்கிறோம். பாடிச் சென்றவன் தொட்டானா இல்லையா என்ற வழக்கு வந்தால், தொடப்பட்டவன் தானே கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் எதிரணியும் கைதட்ட வேண்டும். முடிவில் ஐந்து நிமிடம் வட்டமாக உட்கார்கிறோம். இன்று எந்த இடத்தில் உனக்கு மனம் கலங்கியது, அப்போது என்ன செய்தாய்? இவ்வளவுதான் கேள்வி. முதல் சில வாரங்களில் "ஒண்ணும் இல்ல ஹஜ்ரத்" என்பதே பதில். பிறகு "கடுப்பாயிருச்சு" என்றார்கள். தோற்றாலும் கடுப்பு, அணியில் சேர்க்காவிட்டாலும் கடுப்பு, எல்லார் முன்னிலையிலும் விழுந்தாலும் கடுப்பு. எல்லா நோவுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான் இருந்தது! இது கடுப்பா, வெட்கமா? ஏமாற்றமா, பொறாமையா? பயமா? இப்படிப் பிரித்துக் கேட்கக் கேட்க, "அவனைக் கேப்டனாக்கினது எனக்குப் பொறாமையா இருந்துச்சு" என்று ஒரு பையன் சொல்லுமளவுக்கு வந்தார்கள். வட்டத்தில் எவரும் சிரிக்கவில்லை. பெயர் தெரியாத நோய்க்கு மருந்து தேட முடியாது. பெயர் சொல்லிவிட்டால் பாதி தணிந்துவிடுகிறது. 1990களில் உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கு வேண்டிய வாழ்க்கைத் திறன்கள் என்று பட்டியலிட்டவற்றில் தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், உணர்ச்சிகளையும் மன அழுத்தத்தையும் சமாளித்தல் ஆகியவையும் உண்டு. பெயர்தான் புதிது, ஸப்ரும் ஹில்மும் நமக்குப் பழையவை.

பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் பாகூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையளித்ததைச் செப்பேடு சொல்கிறது. நம் ஜமாஅத்திடம் நான் ஊர்களைக் கேட்கவில்லை. பள்ளிவாசல் மனையில் கட்டடம் எழுப்பாமல் ஒரு துண்டு மணலை விட்டுவைக்கும்படிதான் கேட்கிறேன்.

பெண் பிள்ளைகளை மறந்துவிட்டு இதை முடிக்கலாகாது. கோபமும் ஏமாற்றமும் ஆண்பிள்ளைக்கு மட்டும் உரியவை என்பது போல் நடந்துகொள்கிறோம். பெண் மதரஸாக்களில் மதில் சூழ்ந்த முற்றம் இருந்தால் கோ-கோ ஆட விடுங்கள். எட்டுப் பேர் மாறி மாறித் திசை பார்த்து அமர்ந்திருக்க, ஒன்பதாமவள் துரத்துவாள். அமர்ந்திருப்பவள் முதுகில் கை பட்டு, 'கோ' என்ற குரல் கேட்கும் வரை எழக்கூடாது. ஓடுகிறவள் பாதி வழியில் திரும்பவும் முடியாது. தன்னால் ஆகாததை வேறொருத்தியிடம் ஒப்படைக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே சுமந்து உள்ளுக்குள் புழுங்கும் பழக்கம் நம் பெண்களுக்கு உண்டு என்பதால், இந்த ஒப்படைத்தலை அவர்கள் சிறு வயதிலேயே கற்பது மிக நல்லது என்பேன். ஆலிமாக்கள் அந்த ஐந்து நிமிட வட்டத்தை நடத்தினால், வீட்டில் சொல்லாததையெல்லாம் பிள்ளைகள் அங்கே சொல்வார்கள்.

பெற்றோருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கோட்டுக்கு வெளியே நின்று "விடாதே, தள்ளு!" என்று கத்துகிற அத்தாமார்களை ஊர்ப் போட்டிகளில் காண்கிறோம். பிள்ளையின் கண் எதிரணியில் இல்லை, அவர்கள் முகத்தில் இருக்கிறது. துபாயிலிருந்து வீடியோவில் பேசும் அத்தாவும் முதலில் கேட்பது "ஜெயிச்சியா?" என்பதுதான். அதற்குப் பதிலாக "இன்னிக்கு யார் நல்லா ஆடினாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எதிரணிப் பையன் ஒருவன் பெயரைப் பிள்ளை சொல்லுமானால், அன்றைய பயிற்சி வீணாகவில்லை.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இப்பகுதியின் மைதானங்கள் சேறாகிவிடும். மஃரிபும் ஆறு மணிக்கு முன்பே வந்துவிடும். பள்ளி விட்டு வந்து, தொழுது, திடலுக்கு வரும் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். அந்த நாள்களிலும் ஆட்டத்தைச் சுருக்குங்கள். வட்டமாக உட்காரும் ஐந்து நிமிடத்தைச் சுருக்க வேண்டாம். மழை கொட்டினால் பள்ளிவாசல் தாழ்வாரம் இருக்கிறது.